நெஞ்சப்பையும் குருதிச் சுழற்சியும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணிப்பது நம் சங்கத்தார் வழக்கம். இவ்வாண்டு யானே செயலாளர் ஐயாவிடம் சென்று, "இம்முறை இருதயத்தைப் பற்றிப் பேச விரும்புகின்றேன்" என்று விண்ணப்பித்துக்கொண்டேன். அவர் மகிழ்ந்து, "அகப்பொருள்தானே? பேசுங்கள்" என்றார். "அகப்பொருளே, ஆயின் தொல்லாசிரியர் வகுத்த அகமன்று, விலாவெலும்புக்கு அகத்தே கிடக்கும் பொருள்" என்றேன். அவர் முகம் சற்றே வாடியது, ஆயினும் இசைவளித்தார். அவருக்கு என் நன்றி உரித்து.

யான் மருத்துவன் அல்லேன். எம் பள்ளியில் உயிர்நூல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் ஈராண்டு மாணாக்கனாக இருந்து பாடங்கேட்டேன். இவ்வுரையை மருத்துவர் ஒருவர் முன்னரே படித்துப் பிழை களைந்து தந்தார். நாற்பதைக் கடந்த தமிழ்ப் பண்டிதன் ஒருவன் தவளையின் இருதயத்தைப் படம் வரைந்து பயின்றது ஏன் என்று நீங்கள் வினவலாம். அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சொல்லில் மயங்கின் பொருளிலும் மயங்குவோம். நெஞ்சு என்னும் சொல் நம் மொழியில் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். தலைவி தன் நெஞ்சை விளித்துப் பேசுவதாகப் பாடுதல் புலவர் மரபு. நினைத்தலும் வருந்துதலும் மூளையின் தொழில் என்பது இன்று ஐயமற்ற செய்தி. ஆயினும் புலவர் முற்றும் பிழைத்தாரல்லர். அச்சமும் உவகையும் மூளையில் தோன்றிய அக்கணமே இருதயம் விரைந்து துடிக்கின்றது. துடிப்பை உணர்ந்தவன் அவ்விடத்தையே உணர்ச்சியின் இருப்பிடம் என்று கருதியது இயல்பே. இவ்வுரையில் நெஞ்சப்பை என்றும் இருதயம் என்றும் யான் கூறுவது தசையாலான அவ்வுறுப்பை மட்டுமே.

மற்றொரு மயக்கம் நரம்பு என்னும் சொல்லில் உள்ளது. புறங்கையில் நீலமாய்ப் புடைத்துத் தோன்றுவதை நாம் நரம்பு என்கின்றோம். "நரம்பு ஊசி" என்கின்றோம். அது நரம்பன்று. நரம்பு என்பது மூளையின் ஆணையையும் உடலின் உணர்வையும் சுமக்கும் இழை. அதற்குள் குருதி ஓடாது. நீலமாய்த் தோன்றுவது சிரை. இருதயத்தினின்று குருதியை வெளியே கொண்டு செல்லும் குழாய் நாடி. பள்ளி நூல்கள் தமனி என்னும். இருதயத்திற்குக் குருதியைத் திரும்பக் கொணரும் குழாய் சிரை. இவ்விரண்டையும் இணைக்கும் மயிரினும் நுண்ணிய குழாய் தந்துகி. தந்து என்றால் நூலிழை. இத்தகைய செய்திகளைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று ஐயுறுவோர் இக்காலத்தும் உளர். 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் புரிந்த அமெரிக்கராகிய சாமுவேல் கிறீன் என்பார், மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் வெளியிட்டார். கடல்கடந்து வந்த ஒருவர் அந்நாளிலேயே இயற்றிக் காட்டியதை இந்நாளில் நாம் ஐயுறுதல் நாணத்தக்கது. நிற்க.

இருதயம் இடப்பக்கத்தில் உள்ளது என்று எல்லோரும் கையை வைத்துக் காட்டுவர். உண்மையில் அது மார்பெலும்பின் பின்னே, இரு நுரையீரல்களுக்கும் இடையே, நடுவிலிருந்து இடப்புறம் சாய்ந்து கிடக்கின்றது. அதன் நுனி மார்பின் இடப்புறத்தில் முட்டுவதால் அங்கே துடிப்பு மிகுதியாகத் தெரிகின்றது. ஒருவருடைய இருதயம் ஏறத்தாழ அவருடைய மூடிய கைப்பிடி அளவினது. வளர்ந்தவர்க்கு எடை சுமார் 300 கிராம்.

அதன் அமைப்பைச் சொல்வேன். நடுச்சுவர் ஒன்றால் பிரிக்கப்பட்ட இரட்டை வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். நடுச்சுவரில் வாயில் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் மேலறை ஒன்று, கீழறை ஒன்று; மேலறையிலிருந்து கீழறைக்கு ஒரு கதவு; கீழறையிலிருந்து வெளியே ஒரு கதவு. ஆக அறை நான்கு, கதவு நான்கு. உடலெங்கும் சென்று உயிர்வளியை இழந்து கருஞ்சிவப்பாய்த் திரும்பும் குருதி வலவீட்டின் மேலறையில் புகுகின்றது, கீழறைக்கு இறங்குகின்றது, ஆங்கிருந்து நுரையீரலுக்கு அனுப்பப்படுகின்றது. அங்கே கரிவளியை விட்டு உயிர்வளியை ஏற்றுச் செக்கச் சிவந்து இடவீட்டின் மேலறையை அடைகின்றது; கீழறைக்கு இறங்குகின்றது; அங்கிருந்து பெருநாடி வழியே உச்சி முதல் உள்ளங்கால் வரை செல்கின்றது. வலவீட்டுக் குருதி இடவீட்டுக்கு வரவேண்டுமாயின் நுரையீரலைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

கதவு என்றேன். அவை மரக்கதவல்ல, மெல்லிய தசைநார் இதழ்கள். நம் தெருக்களில் உள்ள அடிகுழாயைப் பழுதுபார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதனுள் உள்ள தோல் வாசர் நீரை மேலே விடும், கீழே விடாது. அது தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தும் நீர் ஏறாது. இருதயத்தின் இதழ்களும் அத்தன்மையனவே. அவற்றை இழுத்துத் திறப்பார் எவருமிலர். முன்னே செல்லும் குருதியே திறக்கின்றது, பின்னே திரும்ப முயலும் குருதியே மூடுகின்றது. மருத்துவர் காதில் கேட்கும் "லப், டப்" என்னும் ஓசை இக்கதவுகள் சாத்திக்கொள்ளும் ஓசையாகும். அதனைக் கேட்கும் கருவி தோன்றியதே ஒரு நாணத்தால்தான். 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர் லயென்னெக் என்பவர் இளநங்கை ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். ஓசை முன்னினும் தெளிவாகக் கேட்டது.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூறவேண்டும். சிறுவர்க்கு வரும் ஒருவகைத் தொண்டைப்புண்ணை நாம் மிளகுப்பாலோடு மறந்துவிடுகின்றோம். சிலர்க்கு அது சில வாரங்கழித்து மூட்டுவீக்கமும் காய்ச்சலுமாய் மீண்டு, இவ்விதழ்களைப் புண்படுத்தித் தடிக்கச் செய்துவிடும். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கிப் பாதியில் அமரும் மாணவி எங்கள் பள்ளியிலும் ஒருத்தி இருந்தாள். காலத்தில் கண்டறிந்தால் பெனிசிலின் ஊசியை மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை பல ஆண்டுகள் இட்டுவந்து மேலும் கெடாமற் காக்கலாம். குழந்தையின் தொண்டைவலியோடு மூட்டுவலியும் சேர்ந்தால் மருத்துவரிடம் காட்டத் தாழ்க்காதீர்கள்.

இனி ஒரு கணக்கு. கணக்காசிரியர்கள் பொறுத்தருள்க. கீழறை ஒருமுறை சுருங்கும்போது வெளியேறும் குருதி ஏறத்தாழ 70 மில்லிலிட்டர். நிமிடத்திற்கு 72 துடிப்பு எனக் கொள்ளின் 5,040 மில்லிலிட்டர். அஃதாவது 5 லிட்டர். நம் உடலில் உள்ள குருதி முழுவதுமே சுமார் 5 லிட்டர்தான். ஆகவே நிமிடத்திற்கு ஒருமுறை மொத்தக் குருதியின் அளவும் இருதயத்தைக் கடந்து செல்கின்றது. ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். நம் ஊருக்கு வரும் 6,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றுக்கும் மேற்பட்ட அளவு. துடிப்போ நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல்.

ஓயாமல் உழைப்பது இருதயம் என்று சொல்வது வழக்கம். யானும் மாணாக்கர்க்கு அவ்வாறே சொல்லி வந்தேன்; அது சரியன்று. ஒரு துடிப்புக்கு ஆகும் காலம் சுமார் 0.8 விநாடி. அதில் கீழறை சுருங்கி உழைப்பது 0.3 விநாடி, எஞ்சிய 0.5 விநாடி தளர்ந்து இளைப்பாறுகின்றது. கூட்டிப் பார்த்தால் நாளில் 9 மணி நேரம் வேலை, 15 மணி நேரம் ஓய்வு! இவ்வோய்வு வீணன்று, இதன் பயனைப் பின்னர்க் காண்போம். அச்சத்தாலோ சினத்தாலோ காய்ச்சலாலோ துடிப்பு விரையுங்கால் பெரிதும் குறைவது வேலைநேரமன்று, ஓய்வுநேரமே.

இத்துணையும் இன்று பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். ஆயின் இதனை உலகம் அறிந்துகொள்ள ஆன காலத்தை எண்ணினால் வியப்பு மேலிடும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், நாடிகளில் ஓடுவது காற்றன்று, குருதியே என்று நிறுவிய பேரறிஞர். அவரே, உண்ட உணவு ஈரலில் குருதியாகி, உறுப்புகளுக்குச் சென்று, வயலிற் பாய்ந்த நீர்போல அங்கேயே தீர்ந்துவிடுகின்றது என்றும், இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள என்றும் எழுதிவைத்தார். துளையை ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் காலன் சொன்னது காலன் சொன்னதே என்று 1,400 ஆண்டுகள் ஐரோப்பியர் ஒப்பி வந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல்-நபீஸ் என்னும் அராபிய மருத்துவர், நடுச்சுவரில் துளை இல்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் வருகின்றது என்று ஓர் உரைநூலில் எழுதினார். உரையாசிரியர் ஒருவர் மூலநூலாசிரியரை மறுத்துரைத்தல் நமக்குப் புதிதன்று. ஆயின் அவ்வுரை பல நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1924-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு மருத்துவர் ஒருவர் கையெழுத்துப் படியிலிருந்து அதனை வெளிக்கொணர்ந்தார். நம் ஓலைச்சுவடிகளின் கதையை அறிந்த எனக்கு இச்செய்தியைப் படித்தபோது அன்றிரவு துயில் வரவில்லை.

சுழற்சி முழுவதையும் நிறுவியவர் ஆங்கிலேயராகிய வில்லியம் ஹார்வி. 1578-இல் பிறந்து, இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் 1602-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவருடைய ஆசிரியராகிய பபிரீசியுசு என்பார் சிரைகளுக்குள் சிறு இதழ்கள் இருப்பதைக் காட்டினார். ஆனால் அவற்றின் தொழிலைச் சரியாக உணர்ந்தாரல்லர். மாணாக்கர் உணர்ந்தார். ஹார்வி செய்தது ஒரு பெருக்கல் கணக்கு. இருதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் குருதியை வெளியேற்றுவதாகக் குறைத்தே கொள்வோம். அரைமணியில் ஆயிரம் துடிப்புக்குக் குறையாது. ஆகவே 500 அவுன்ஸ், அஃதாவது சுமார் 14 கிலோ. இத்துணைக் குருதி எவ்வுடலிலும் இல்லை. அரைமணியில் இத்துணைக் குருதியை ஆக்கித் தருமளவு உண்பாரும் இலர். ஆதலின் சென்ற குருதியே திரும்பி வருதல் வேண்டும்! இதனை அவர் இலத்தீன் மொழியில் எழுதி 1628-ஆம் ஆண்டில் பிராங்கபர்ட்டு நகரில் வெளியிட்டார். அரசர்க்கு மருத்துவராயிருந்தும், அந்நூல் வெளிவந்தபின் அவரிடம் வரும் நோயாளர் குறைந்தனர் என்று அவரை நேரில் அறிந்த ஒருவர் குறித்துவைத்துள்ளார்.

அவர் செய்துகாட்டிய சோதனை ஒன்றை இங்கேயே செய்துகாட்ட விழைகின்றேன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி, மேலே வாரும். நாள்தோறும் மூட்டை தூக்கும் கை. சிரைகள் நன்றாகத் தெரியும். உம் துண்டைத் தாரும்.

(இவ்விடத்தில் இளைஞர் ஒருவரின் மேற்கையில் துண்டால் அளவாகக் கட்டுப்போட்டுச் சோதனை காட்டப்பெற்றது.)

காண்க: கட்டுக்குக் கீழே சிரைகள் புடைக்கின்றன, மேலே புடைக்கவில்லை. புடைத்த சிரையில் இங்குமங்கும் கணுப்போலத் தெரிகின்றனவே, அவைதாம் இதழ்கள் உள்ள இடம். ஒரு விரலால் சிரையைக் கீழே அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் குருதியை மேல்நோக்கி அடுத்த கணுவைத் தாண்டி வழித்துவிடுகின்றேன். வழித்த பகுதி வெறுமையாய்த் தட்டையாகிவிட்டது. மேலே குருதி நிறைந்திருந்தும் கீழே இறங்கவில்லை. இப்போது கீழ்விரலை எடுக்கின்றேன். கீழிருந்து மளமளவென்று நிறைகின்றது. சிரையில் குருதி ஒருவழியே, இருதயத்தை நோக்கியே, ஓடுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இக்கட்டையே மிக இறுக்கினால் ஆழத்தில் உள்ள நாடியும் அடைபட்டுக் கை வெளிறிக் குளிரும். அதனைச் செய்து இவருக்குத் தீங்கிழைக்கமாட்டேன். அமரலாம், தம்பி.

கால்களிலிருந்து குருதி மேலேறுதற்கு இவ்விதழ்களும் கெண்டைக்காலின் தசையுமே துணை. நடக்குந்தோறும் தசை சிரையைப் பிழிகின்றது. பிழிந்தது இறங்காமல் இதழ் தடுக்கின்றது. எம்போன்று நாள்முழுதும் நின்றே பணிசெய்வோர்க்கு நாளடைவில் இதழ்கள் தளர்ந்து சிரைகள் முறுக்கிக்கொள்ளும். அதனையும் "நரம்பு சுருட்டல்" என்றே வழங்குகின்றோம். திருத்த முயன்று தோற்றேன்.

ஹார்வியால் ஒன்றை மட்டும் காண இயலவில்லை. நாடியின் கடைசியிலிருந்து சிரையின் தொடக்கத்திற்குக் குருதி எவ்வழியே செல்கின்றது? அவர் 1657-இல் காலமானார். நான்காண்டு கழித்து 1661-இல் இத்தாலியராகிய மால்பீகி, உருப்பெருக்கியால் தவளையின் நுரையீரலை நோக்கித் தந்துகிகளைக் கண்டார். அவற்றுட் பல, ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு அகலமும் இல்லாதவை. சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய், சிலவிடத்து உடல் வளைந்து நெருங்கியே செல்லல்வேண்டும். உணவும் உயிர்வளியும் உறுப்புகளுக்குக் கைமாறுவது இந்த இடுக்குச் சந்துகளில்தான். பெருநாடி என்னும் இராஜபாட்டையில் ஒன்றும் கொடுக்கல்வாங்கல் இல்லை.

மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் பார்த்தல் நம் சித்த மருத்துவர் மரபு. அவ்விரலில் தட்டுவது யாது? இருதயத்திலிருந்து அப்போதே புறப்பட்ட குருதி என்று பலர் எண்ணுவர். அன்று. நீண்ட கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை மறுமுனைக்கு ஓடுகின்றதன்றோ? கயிறு ஓடுவதில்லை. அதுபோல நாடியின் சுவர்வழியே ஓடிவரும் அலைதான் விரலில் தட்டுவது. குருதி அதனினும் மிக மெதுவாகப் பின்னே வருகின்றது.

இருதயத்தைத் துடிக்குமாறு ஏவுவது யார்? மூளை என்று விடை சொல்வீர்கள். மூளை விரைவுபடுத்தவும் தாழ்த்தவும் வல்லது; தொடங்கி வைப்பது அதுவன்று. வல மேலறையின் சுவரில் ஒரு சிறு கணு உள்ளது; தானே மின்துடிப்பை எழுப்புவது. மருத்துவ மாணவராயிருந்த மார்ட்டின் பிளாக் அதனை அகழெலி ஒன்றின் இருதயத்திற் கண்டு, தம் ஆசிரியர் ஆர்தர் கீத்துடன் 1907-இல் வெளியிட்டார். அத்துடிப்பு முதலில் மேலறைகளைச் சுருக்கும். நடுவே மற்றொரு கணுவில் பத்திலொரு விநாடியளவு தயங்கும். பின்னரே கீழறைகளுக்குச் செல்லும். அத்தயக்கம் இல்லையேல் மேலறை குருதியை இறக்கி முடிக்குமுன்பே கீழறை சுருங்கிவிடும். 1967-ஆம் ஆண்டு டிசம்பரில் கேப் டவுன் நகரில் கிறித்தியான் பர்னார்டு ஒருவர் இருதயத்தை மற்றொருவர் மார்பில் வைத்தார். நரம்புகள் அறுபட்ட நிலையிலும் அது துடித்தது இக்கணுவால்தான்.

இனி, என் காரணத்திற்கு வருகின்றேன்.

உடல் முழுதிற்கும் குருதி வழங்கும் இருதயம் தன் அறைகளில் நிறைந்துள்ள குருதியிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் எடுத்துக்கொள்வதில்லை. பெருநாடி தொடங்குமிடத்தில் பிரியும் இரண்டு சிறு நாடிகளே அதன் தசைக்கு உணவூட்டுகின்றன. அவை மாலைபோல் சூழ்ந்து கிளைக்கின்றன. இட கீழறையின் தசை சுருங்குகையில் தன் நாடிகளைத் தானே நெரித்துக்கொள்வதால், அது குருதி பெறுவது பெரிதும் இளைப்பாறும் அந்த 0.5 விநாடியில்தான். முன்னே யான் சொன்ன ஓய்வின் பயன் இது.

இந்நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து மேடிடுதல் இளமையிலேயே தொடங்கிவிடும். புகையிலை, நீரிழிவு, மிகுந்த இரத்தக் கொதிப்பு, பரம்பரை ஆகியவை அதனை வளர்க்கும். குழாயிற் பாசிபோல் சிறிது சிறிதாக வளர்ந்து ஒருநாள் முற்றும் அடைத்துக்கொள்ளும் என்றே யானும் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் நிகழ்வது அஃதன்று. மேட்டின் மெல்லிய தோல் திடீரென வெடிக்கின்றது. புண்ணென்று கருதி அவ்விடத்தில் குருதி உறைகின்றது. உறைந்த கட்டி சில நிமிடங்களில் நாடியை அடைத்துவிடுகின்றது. நேற்றுவரை கிணற்றடியில் குடம் தூக்கியவர் இன்று சாய்வது இதனால். அடைபட்ட தசை அரைமணியளவில் சாகத் தொடங்கும். அடைப்பு நீங்காவிடின் சில மணி நேரத்தில் அப்பகுதி முழுதும் சாகும். செத்த தசை மீளாது.

என் தமையனார் உங்களில் பலர்க்குத் தெரிந்தவர்; இச்சங்கத்தில் பன்னீராண்டு பொருளாளராயிருந்தவர். 2019-ஆம் ஆண்டு தை மாதத்தில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம் ஒன்றில் விருந்துண்டு திரும்பினார். இரவு ஒன்பது மணிக்கு, "மாரில் கல்லை வைத்தாற்போல் இருக்கிறதடா" என்றார். வியர்த்தது. இடத்தோளும் தாடையும் கனக்கின்றன என்றார். விருந்துச் சாப்பாட்டின் வாயு என்று வீட்டிலுள்ளோர் அனைவரும் முடிவுசெய்தோம். யான்தான் ஓமம் காய்ச்சிக் கொடுத்தேன், முதுகைத் தேய்த்துவிட்டேன். ஏப்பம் வந்தது, தேறிவிட்டார் என்று மகிழ்ந்தோம். பதினொரு மணிக்கு மீண்டும் வலிக்கவே, அருகில் இருந்த சிறு மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றோம். வாயுவுக்கு ஊசியிட்டு அனுப்பினர். இருதய மின்பதிவு எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை. பின்னிரவு மூன்றரை மணிக்கு எழுந்து நீர் கேட்டார். அண்ணியார் செம்பைக் கொணருமுன் சாய்ந்துவிட்டார். வயது 51.

ஒன்பது முதல் மூன்றரை வரை ஆறரை மணி நேரம். மாவட்டத் தலைமை மருத்துவமனை 22 கிலோமீட்டர் தொலைவு. 108 ஊர்தி அழைத்தால் வரும். ஐந்து நிமிடத்தில் மின்பதிவு எடுக்கலாம். கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. 1977-ஆம் ஆண்டில் சூரிச்சு நகரில் குருன்ட்சிக் என்பவர் தொடங்கிவைத்த முறையால், மெல்லிய குழலை நாடிவழியே செலுத்திச் சிறு பலூனை ஊதி அடைப்பைத் திறக்கவும் செய்கின்றனர். இவையெல்லாம் அன்றும் இருந்தன. இல்லாதிருந்தது அறிவு. பிறர் செய்யுளுக்கு உரை சொல்லத் தெரிந்த எனக்கு என் அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்திற்குப் பொருள் தெரியவில்லை.

ஆதலின் தாய்மார்கள் குறித்துக்கொள்க. மாரில் இறுக்கமோ பாரமோ தோன்றிச் சில நிமிடங்களில் நீங்காவிடில், அதனோடு வியர்வை, மூச்சுமுட்டல், தோளிலோ தாடையிலோ முதுகிலோ வலி சேர்ந்தால், அது வாயுவாக இருக்கலாம், இருக்கட்டும். மின்பதிவு எடுத்துப் பார்த்தபின் மருத்துவர் அதனை வாயு என்று சொல்லட்டும். நோயாளியை நடக்கவிடாதீர்கள், அவரே வண்டி ஓட்டிச் செல்லவும் விடாதீர்கள். ஏப்பம் வந்துவிட்டது என்பதும் சான்றன்று. நீரிழிவுடையார்க்கும் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் வலியே இன்றி வெறும் களைப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வருதலும் உண்டு. ஒருவர் உணர்விழந்து மூச்சும் நின்றுவிட்டால், ஊர்தியை அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம் அழுந்துமாறு, உதவி வரும்வரை விடாது அழுத்துக. இருதயம் செய்யாத வேலையை அவ்வளவு நேரம் நம் கைகள் செய்யும். இதனைப் பயிற்றுவிக்க அடுத்த மாதம் சங்கக் கட்டடத்தில் ஏற்பாடாகியுள்ளது.

இறுதியாக இரத்தக் கொதிப்பு. கொதிப்பு என்ற சொல்லால் குருதி சூடேறுகின்றது என்று கருதவேண்டா. அது நாடிச்சுவரைக் குருதி அழுத்தும் அழுத்தமே. அதனை முதன்முதல் அளந்தவர் ஆங்கில நாட்டுப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரை ஒன்றின் நாடியில் கண்ணாடிக் குழலைப் பொருத்த, குருதி எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் அச்சான செய்தி இது. இன்று கையிற் பட்டை சுற்றி அளக்கின்றனர். 120-க்கு 80 என்றால், முன்னது இருதயம் சுருங்கும்போதும் பின்னது தளரும்போதும் உள்ள அழுத்தம். 140-க்கு 90 என்பதைத் தாண்டி நிலைத்துவிட்டால் மருத்துவரைக் காணல்வேண்டும். கொதிப்பு மிகுந்தால் தலைசுற்றும், தெரிந்துகொள்ளலாம் என்பது பொய். தமையனார் மறைந்த பதினாறாம் நாள் கழித்து எனக்கு அளந்தபோது 160-க்கு 100 இருந்தது. எனக்கு ஒரு குறியும் இல்லை. அன்றுமுதல் நாள்தோறும் மாத்திரை உண்கின்றேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் குறைத்துக்கொண்டேன். உலக நலவாழ்வு நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கின்றது. ஒரு தேக்கரண்டி அளவுதான். மாத்திரை உண்பதை வெளியே சொல்ல முதலாண்டு வெட்கினேன். இன்று மேடையிலேயே சொல்லிவிட்டேன்.

மண்டபத்தின் கீழைத் தாழ்வாரத்தில் செவிலியர் இருவர் கருவிகளுடன் காத்திருக்கின்றனர். பந்திக்கு இலை போட இன்னும் அரைமணி நேரம் உளது. வந்தவுடன் அளக்கமாட்டார்கள், ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்கவேண்டும். காபி அருந்தியவர்களும் புகை பிடித்தவர்களும் அரைமணி கழித்து வருக. அண்ணியார் முதலில் அளந்துகொள்ள இசைந்திருக்கின்றார்கள். அவர்கள் பின்னே வரிசையில் நிற்கலாம். முன்வரிசைத் தம்பி, உம் துண்டு மேடையிலேயே கிடக்கின்றது, வந்து பெற்றுக்கொள்ளும்.